கரிசலில் கிளம்பி கொழும்பு வரை: நண்பர்களோடு ஒரு பனிக்காலப் பயணம்

கோவில்பட்டியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சென்னை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். கொழும்பு ஏறத்தாழ 330 கிலோமீட்டர்தான். புதூர், விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் என்று கரிசல் பூமியின் எந்த ஊரிலிருந்து அளந்தாலும் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம். இருந்தும் சென்னைக்குப் போய் வருவதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கொழும்புக்குப் போய் வந்தால் தெருவே விசாரிக்கிறது. நடுவில் கடலும் நாட்டு எல்லையும் இருப்பதால் வந்த வித்தியாசம் அது. வெளிநாட்டுப் பயணம் என்றாலே பெரும்பணமும் பெரும்விடுப்பும் வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது.

உண்மையில் பனிக்காலத்தில் நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து நான்கு நாளில் இலங்கை போய் வருவது இந்த வட்டாரத்து ஆசிரியருக்கும் கடைக்காரருக்கும் விவசாயம் பார்க்கும் சம்சாரிக்கும் கைக்கெட்டும் காரியம்தான். அதற்கு முன்னால் பக்கத்து ஊர்களையும் மதுரையையும் சென்னையையும் சேர்ந்து சுற்றிப் பழகியிருந்தால் கடல் கடப்பது இன்னும் எளிது. அருகிலிருந்து தூரத்துக்கு என்ற அந்த வரிசையிலேயே இந்தக் கட்டுரையும் செல்கிறது.

எப்போது கிளம்புவது

தமிழ் மரபு மார்கழியையும் தையையும் முன்பனிக்காலம் என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனிக்காலம் என்றும் பிரிக்கிறது. கரிசலில் குளிர் நடுக்கும் அளவுக்கு வருவதில்லை. விடியலில் பனி இறங்கும்; வெயிலின் கடுமை குறையும். சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாத கல்மலைகளையும் கோயில் பிராகாரங்களையும் இந்த மாதங்களில் பகலிலும் நடந்து பார்க்கலாம்.

ஆனால் நிலத்தின் வேலை நாள்காட்டி வேறு. மானாவாரிக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு, பிறகு களையெடுப்பு, மார்கழிக் கடைசியிலும் தையிலும் உளுந்து, பாசி, மக்காச்சோளம் எல்லாம் வீடு வந்து சேரவேண்டும். அதனால் சம்சாரிகளுக்கு இரண்டு இடைவெளிகள் வாய்க்கின்றன. களையெடுப்பு முடிந்து காய் முற்றும் வரையுள்ள சில நாட்கள் ஒன்று. மகசூல் எடுத்தபின் தைக் கடைசி, மாசி முதல் பாதி மற்றொன்று. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் இருக்கின்றன. குழுவில் இரு தரப்பாரும் இருந்தால் தேதி குறிப்பதுதான் முதல் வேலை.

மழையையும் கணக்கில் வைக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் நடுவிலும் ஓங்கி அடிப்பதுண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய்ப் பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். ஆகவே டிசம்பரில் கிளம்புகிறவர்கள் வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டே இருப்பதும், தேதியை மாற்ற வழியுள்ள பயணச்சீட்டை எடுப்பதும் நல்லது. பிப்ரவரியில் கிளம்புகிறவர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

ஒரு நாள் போதும்

கழுகுமலையும் எட்டயபுரமும் கோவில்பட்டியிலிருந்து ஒரே நாளில் போய் வரக்கூடிய ஊர்கள். கழுகுமலை வெட்டுவான் கோயில், எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கியது. சிகரமும் சிற்பங்களும் நிறைவாக இருக்க, அடிப்பகுதி முடிவு பெறாமல் நின்றுவிட்டது. சிற்பிகள் எந்த வரிசையில் வேலை செய்தார்கள் என்பதை இதனாலேயே நேரில் காண முடிகிறது. அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில் இருக்கிறது. காலை வெயில் ஏறுமுன் மலையேறிவிட்டால் சிற்பங்களின் நுணுக்கம் நன்றாகத் தெரியும்.

எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீடு நினைவில்லமாகப் பாதுகாக்கப்படுகிறது. அவர் பிறந்தது 1882 டிசம்பர் 11. அந்த நாளையொட்டிப் போனால் விழாவும் சேர்ந்து கிடைக்கும். எழுத்தாளர் கல்கியின் முயற்சியில் பொதுமக்கள் பணத்தில் எழுந்த பாரதி மணிமண்டபம் 1947-இல் திறக்கப்பட்டது. கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் 1835-இல் மறைந்ததும் இந்த ஊரில்தான்; அவருடைய நினைவிடம் இங்கே இருக்கிறது. அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதர் தொகுத்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெருநூல் 1904-இல் எட்டயபுரத்தில் அச்சானது. மார்கழியில் சென்னைக் கச்சேரிகளில் கேட்கும் தீட்சிதர் கீர்த்தனைகள் பலவற்றின் சுரக்குறிப்புக்கு இந்நூல் முதன்மையான ஆதாரம்.

கோவில்பட்டியிலேயே எழுத்தாளர் கி. ராஜநாராயணனுக்கு 2022-இல் திறக்கப்பட்ட நினைவரங்கம் இருக்கிறது. அவர் பிறந்த இடைசெவல் நகரிலிருந்து சிறு தூரம்தான்.

தூத்துக்குடி ஒரு முழுநாள் ஊர். 1713-இல் கட்டி முடித்த பனிமய மாதா பேராலயம், கடற்கரைப் பூங்கா, துறைமுகப் பகுதி ஆகியவற்றைக் காலையிலும் மாலையிலும் பிரித்துப் பார்க்கலாம். டிசம்பரில் மழைநீர் தேங்கிக் கிடக்கும் உப்பளங்களில் பிப்ரவரி வாக்கில் பாத்தி கட்டும் வேலை தொடங்கியிருக்கும். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றையும் சேர்த்துச் செய்யும் மக்ரூனும், எண்ணெயில் பொரித்தெடுக்கும் பரோட்டாவும் இந்த ஊரின் அடையாளங்கள்.

மதுரை: இரண்டு நாள் தங்கலாம்

கோவில்பட்டிக்காரர்கள் சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் வழியாகவும், புதூர்ப் பக்கத்தார் அருப்புக்கோட்டை வழியாகவும் மதுரை போகிறார்கள். வேலையாகப் போகும்போது ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, நீதிமன்றம் என்று போய்த் திரும்புவதோடு சரி. நகரத்தைப் பார்ப்பதற்கென்றே போவது வேறு. அதற்கு ஓர் இரவாவது தங்கவேண்டும்.

மார்கழியில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு விடியற்காலையில் போவது சிறப்பு. மதியம் நடை சாத்தியிருக்கும். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு கைபேசி உள்ளே கொண்டுபோகத் தடை இருக்கிறது. வெளியே கொடுத்து வைக்கவேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் நண்பகலில் பார்த்தாலும் குளிர்ச்சியான நிழல் தருபவை. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி அருங்காட்சியகத்தில், காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த துணி பாதுகாக்கப்படுகிறது. அவர் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறியதும் இதே மதுரையில், 1921 செப்டம்பரில்தான்.

புதிதாகச் சேர்ந்த இடங்கள் இரண்டு. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. ராமேசுவரம் சாலையில் நகரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். சங்ககாலத்து மக்கள் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் விளையாட்டுக் காய்களும் மணிகளும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் மற்றொன்று. குழந்தைகளோடு போகிறவர்கள் அரைநாளை அங்கே தாராளமாகக் கழிக்கலாம்.

மதுரையில் பனிக்கால மாலைகளில் குடிக்கவேண்டியது பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கும் ஏலமும் போட்டுச் சூடாகத் தருவார்கள். கரிசலில் விளைந்த பருத்தியின் இன்னொரு பயன் அது.

சென்னை: மார்கழியின் நகரம்

நெல்லை, முத்துநகர் விரைவு ரயில்களில் இரவு ஏறினால் விடிந்ததும் சென்னை. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. 2024 நவம்பர் 1 முதல் இந்த விதி. பொங்கலுக்கு முன் ஊருக்கு வரும் ரயில்களிலும், பொங்கல் முடிந்து சென்னை போகும் ரயில்களிலும்தான் நெரிசல். பொங்கலுக்கு முன் சென்னை போகிறவர்களும் பொங்கல் முடிந்து ஊர் திரும்புகிறவர்களும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போவதால் இடம் கிடைப்பது எளிது.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928-இல் மியூசிக் அகாடமி உருவாயிற்று. இன்று டிசம்பர் நடுவிலிருந்து சனவரி தொடக்கம் வரை நகரமெங்கும் சபாக்களில் கச்சேரிகள் நடக்கின்றன. சென்னையை இசைக்கான படைப்பு நகரமாக யுனெஸ்கோ 2017-இல் சேர்த்துக்கொண்டது. பெயர்பெற்ற பாடகர்களின் மாலைக் கச்சேரிக்குத்தான் கட்டணமும் போட்டியும். காலையிலும் மதியத்திலும் இளைஞர்கள் பாடும் கச்சேரிகள் பலவற்றுக்கு அனுமதி இலவசம். இசைப் பழக்கம் இல்லாதவர்கள் மதியக் கச்சேரியில் தொடங்கலாம். சபா கேன்டீன்களின் இலைச்சாப்பாட்டுக்காகவே வருகிற கூட்டமும் உண்டு.

1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியும் இதே பருவத்தில்தான் நடக்கிறது. ஊர் நூலகத்துக்கோ பள்ளிக்கோ புத்தகம் வாங்க நினைக்கும் நண்பர்கள் பயணத் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொண்டால் ஒரே செலவில் இரண்டு காரியம் முடியும். பகலில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடமும், மாலையில் மாமல்லபுரம் நாட்டிய விழாவும் இதனுடன் பொருந்தி வரும்.

கடல் கடந்த பழைய வழி

கரிசலுக்கும் இலங்கைக்கும் உள்ள போக்குவரத்து புதியதல்ல. 1876-இல் ரயில் பாதை தூத்துக்குடியை எட்டியபின் அத்துறைமுகமே கொழும்புக்கு வாசலாயிற்று. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த தேயிலைத் தோட்டங்களுக்கும் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளின் வறண்ட கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கூலிகளாகப் போனார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் கூட்டம் பெருகியது. வணிகர்களும் கடைச் சிப்பந்திகளும் கொழும்பின் புறக்கோட்டையில் குடியேறினார்கள்.

ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இந்தத் தூத்துக்குடி–கொழும்பு வழிக்காகத்தான். ஆங்கிலேயக் கப்பல் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்களை 1907-இல் கொண்டுவந்தார். மறு ஆண்டே அவர் சிறைப்பட, கம்பெனி நலிந்து மறைந்தது. கொழும்புக்குப் போகும் கரிசல்காரர் யாருக்கும் இந்த வரலாறு தெரிந்திருக்கவேண்டும்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் வழி மாறிற்று. சென்னையில் எடுத்த ஒரே பயணச்சீட்டில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மீண்டும் ரயிலில் கொழும்பு என்று போட் மெயில் ஓடியது. 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இந்தத் தோட்டங்களில் குடியேறியிருந்த மலையகத் தமிழர்கள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று. ராமேசுவரம்–தலைமன்னார் கப்பல் 1984 வரை ஓடி, இலங்கை உள்நாட்டுப் போரால் நின்றது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மறுபடியும் தொடங்கிய பயணிகள் கப்பல் சில மாதங்களிலேயே நிறுத்தப்பட்டது.

இன்றைய வழி

இன்று வழி மதுரை விமான நிலையம். கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. வானில் இருப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம். விமான நிலையம் நகரின் தெற்கே, அருப்புக்கோட்டைச் சாலைப் பக்கம் பெருங்குடியில் இருப்பதால் புதூர், பந்தல்குடி, அருப்புக்கோட்டையிலிருந்து வருகிறவர்கள் மதுரை நகருக்குள் நுழையவே வேண்டியதில்லை. பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரவேண்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் வடகரையிலுள்ள காங்கேசன்துறைக்குச் செல்லும் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் இச்சேவை நிறுத்தப்படுவது வழக்கம். எனவே டிசம்பர்ப் பயணத்துக்கு இதை நம்பக்கூடாது. பிப்ரவரிக் கடைசியில் விசாரித்துப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்துப் பலாலிக்குச் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் விமானங்கள் விடப்பட்டிருக்கின்றன.

கையில் இருக்கவேண்டிய தாள்கள்

பாஸ்போர்ட் எடுக்காதவர்கள் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே விண்ணப்பிப்பது நல்லது. இணையத்தில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, குறித்த நாளில் சேவை மையத்துக்கு நேரில் போகவேண்டும். தூத்துக்குடி மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின்கீழ் வருகிறது. திருநெல்வேலியிலும் சேவை மையம் உண்டு. பின்னர் உள்ளூர்க் காவல் நிலையம் முகவரியைச் சரிபார்க்கும். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். பெரியவர்களுக்குப் பத்தாண்டுகள் செல்லும். பெரும்பாலான நாடுகள், உள்ளே நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாகவேண்டும் என்று கேட்கின்றன.

தமிழர்களுக்கு வரும் தனிச் சிக்கல் தலைப்பெழுத்து. ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி இருந்தால் விண்ணப்பம் தாமதமாகும். தகப்பனார் பெயரை விரித்துக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதாமல் ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்குச் சில நாடுகளில் தடை வருகிறது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் இது குறித்துக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. விமானச்சீட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும்.

இலங்கைக்குச் சுற்றுலாவாகச் செல்ல இணையவழி முன் அனுமதி பெறவேண்டும். கட்டணமும் சலுகைகளும் அடிக்கடி மாறுவதால், இலங்கைக் குடிவரவுத் துறையின் அரசுத் தளத்தில் நேரடியாகப் பார்ப்பதே பாதுகாப்பு. அதே தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் போலித் தளங்கள் இருக்கின்றன.

பெட்டி அடுக்கும்போது கோவில்பட்டிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாயைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். ஊரின் இன்னொரு புகழான தீப்பெட்டியைக் கைப்பையிலும் வைக்கக்கூடாது, பெரிய பெட்டியிலும் வைக்கக்கூடாது. இந்திய விமானப் பாதுகாப்பு விதிகள் தீப்பெட்டியையும் லைட்டரையும் தடுக்கின்றன. பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே வரலாம். ஊறுகாய், நெய் போன்றவற்றைப் பெரிய பெட்டியில் கசியாமல் கட்டி வைக்கவேண்டும்.

இலங்கையில் நான்கு நாள்

பனிக்காலத்தில் இலங்கைக்கு இரண்டு முகம். கொழும்பு, காலி உள்ளிட்ட தென்மேற்குக் கரை டிசம்பர் முதல் மார்ச் வரை பெரும்பாலும் வறண்டு, கடல் அமைதியாக இருக்கும். யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு நம் ஊரைப்போலவே வடகிழக்குப் பருவமழையில் நனையும். ஆகவே டிசம்பரில் போனால் கொழும்பும் மலையகமும். பிப்ரவரியில் போனால் வடக்கும் பார்க்கலாம்.

முதல் நாள் கொழும்பு. கட்டுநாயக்க விமான நிலையம் நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரக் கணக்கில் இருப்பதால் கடிகாரத்தை மாற்றவேண்டாம். புறக்கோட்டைச் சந்தையில் தெருவுக்கொரு சரக்கு. செட்டியார் தெருவில் நகைக்கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோயில்கள். கொச்சிக்கடையில் எல்லா மதத்தாரும் வரும் புனித அந்தோனியார் தேவாலயம். இவை எல்லாம் நடந்தே பார்க்கக்கூடிய தூரம். 1877-இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்தையும் 350 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் தாமரைக் கோபுரத்தையும் மதியத்தில் வைத்துக்கொள்ளலாம். மாலையில் நகரமே கடலோரக் காலிமுகத்திடலுக்கு வந்துவிடும். இறால் வடையும் கொத்துப் பரோட்டாவும் அங்கே கிடைக்கும். காலையில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல்.

இரண்டாம் நாள் கண்டி. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 115 கிலோமீட்டர். ரயிலில் போவது அழகு. புத்தரின் புனிதப் பல்லை வைத்து வழிபடும் தலதா மாளிகை, அதையொட்டிய ஏரி, பேராதனைத் தாவரவியல் தோட்டம் ஆகியவை ஒரு நாளை நிறைத்துவிடும். விகாரைகளில் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுப்பது அங்கே அவமதிப்பாகக் கருதப்படும். குழுவில் எல்லோருக்கும் இதை முன்பே சொல்லிவைக்கவேண்டும்.

மூன்றாம் நாள் நுவரெலியா. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீட்டர். சனவரி, பிப்ரவரி இரவுகளில் கம்பளி இல்லாமல் முடியாது. கரிசல்காரர்கள் பார்க்கிற உண்மையான குளிர் இதுதான். சரிவெங்கும் தேயிலை, அதைக் கிள்ளுகிறவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். ஹட்டன், கொட்டகலை ஊர்களின் கடைத்தெருவில் பேச்சுக் கொடுத்தால், முன்னோர்களின் ஊராக நெல்லை, ராமநாதபுரச் சீமைகளைச் சொல்பவர்களைச் சந்திக்கலாம். அவர்கள் குடியிருக்கும் லயம் என்ற வரிசை வீடுகளின் அறைகள் பல, தோட்டம் தொடங்கிய காலத்து அளவிலேயே இன்னும் இருக்கின்றன. இந்தச் சரிவுகளை அழகு என்று பார்த்துவிட்டு மட்டும் திரும்பக்கூடாது. நம் மண்ணிலிருந்து போனவர்களின் ஐந்தாறு தலைமுறை உழைப்பு இந்த மலையில் நிற்கிறது என்பதை அறிந்து பார்க்கவேண்டும்.

உடல் வலுவும் இன்னோர் இரவும் இருந்தால் சிவனொளிபாதமலை ஏறலாம். உயரம் 2,243 மீட்டர். டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். இரவில் படியேறி உச்சியில் விடியலைக் காண்பது வழக்கம். பௌத்தரும் சைவரும் கிறித்தவரும் முசுலிம்களும் ஒரே பாதச்சுவட்டைப் புனிதமாகப் போற்றுகிற மலை இது.

நான்காம் நாள் கொழும்பிலிருந்து விமானம். மலைப்பாதையில் மழையால் மண் சரிவதும் ரயில் தாமதமாவதும் உண்டென்பதால், மலையிலிருந்து நேராக விமான நிலையம் போகும்படி திட்டமிடாமல் கடைசி இரவைக் கொழும்புப் பக்கம் வைப்பது பத்திரம். மலை ரயிலின் முன்பதிவு இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். பௌர்ணமி நாட்கள் அங்கே பொது விடுமுறை. இறைச்சிக் கடைகளும் மதுக்கடைகளும் மூடியிருக்கும். 2024 பிப்ரவரி முதல் இலங்கையில் யுபிஐ வழியாகப் பணம் செலுத்தும் வசதி தொடங்கியிருக்கிறது. ஆனால் சின்னக் கடைகளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் இலங்கை ரூபாய் கையில் வேண்டும். ஆம்புலன்ஸ் எண் 1990, காவல்துறை எண் 119.

வடக்கே போகிறவர்கள் நல்லூர் கந்தசாமி கோயிலோடு யாழ்ப்பாணப் பொது நூலகத்தையும் பார்க்கவேண்டும். 1981-இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் எரிக்கப்பட்டு, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது.

இலங்கையைத் தாண்டி

இன்னும் இரண்டு மூன்று நாள் கூடுதலாக இருப்பவர்களுக்கு மலேசியாவும் சிங்கப்பூரும் பனிக்காலத்துக்கு ஏற்றவை. தைப்பூசத்தன்று கோலாலம்பூருக்கு அருகே பத்துமலையின் 272 படிகளில் காவடிகள் ஏறும். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு விசா கேட்பதில்லை. வருகைப் பதிவை மட்டும் இணையத்தில் முன்பே செய்யவேண்டும். இச்சலுகை காலவரை உடையது என்பதால் கிளம்புமுன் சரிபார்க்கவேண்டும். சிங்கப்பூரில் பொங்கலையொட்டி லிட்டில் இந்தியாத் தெருக்கள் விளக்கலங்காரம் பூணும். துபாயின் வெயில் நவம்பர் முதல் மார்ச் வரைதான் தணிந்திருக்கும். மதுரையிலிருந்து அங்கும் விமானம் உண்டு. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் இருக்கும் குடியகல்வுச் சோதனைக் குறிப்பு, வேலைக்குச் செல்வோரைப் பற்றியது. சுற்றுலாவுக்கு அது தடையில்லை.

சேர்ந்து போவதன் ஒழுங்கு

நண்பர்கள் பயணம் கெடுவது பெரும்பாலும் பணத்தாலும் நேரத்தாலும்தான். நான்கு முதல் ஆறு பேர் நல்ல கணக்கு: ஒரே வேனில் அடங்கலாம், அறையை இரண்டிரண்டு பேராகப் பிரிக்கலாம். கிளம்புமுன் ஒவ்வொருவரும் சமத்தொகை போட்டுப் பொதுப்பணம் சேர்த்து, ஒருவர் கணக்கெழுதினால் வழியில் யாரும் யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு பொதுச் செலவு. சாமான் வாங்குவது அவரவர் செலவு. குழுவில் பணம் குறைந்தவருக்குத் தகுந்த விடுதியைத் தேர்ந்தால் யாருக்கும் பாரமிருக்காது.

பெண்கள் மட்டும் சேர்ந்து போகும் குழுக்களுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். இரவில் போய் இறங்கும் விமானத்தைத் தவிர்த்து, முதல் இரவுத் தங்குமிடத்தையும் விமான நிலைய வண்டியையும் ஊரிலிருந்தே பேசிவைத்தால் போதும். வயதானவர் இருந்தால் மருந்தை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைக்கவேண்டும். பயணக் காப்பீட்டுக்கு ஆகும் செலவு சிறிது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் செலவு பெரிது. பாஸ்போர்ட் நகலை ஒவ்வொருவரும் தனியே வைத்திருக்கவேண்டும். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார், பிறகு கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகம். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் இந்திய அலுவலகங்கள் உள்ளன.

இன்னோர் எச்சரிக்கை இந்தக் கடற்கரை மாவட்டத்துக்கு மிக வேண்டியது. போகும்போதும் வரும்போதும் பிறர் தரும் பொட்டலத்தை, ‘உறவுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்’ என்று கெஞ்சினாலும், வாங்கக்கூடாது. பெட்டியில் இருப்பதற்குப் பெட்டிக்குரியவரே பொறுப்பு. தங்கமும் மின்னணுப் பொருளும் வாங்கி வருகிறவர்கள் சுங்கத்தின் வரம்பை முன்பே தெரிந்துகொண்டு, மிஞ்சினால் தாமே அறிவித்துத் தீர்வை கட்டவேண்டும். தேயிலை, கறுவாப்பட்டை, மாசிக் கருவாடு போன்றவற்றை வீட்டுத் தேவை அளவுக்கு, கடைப் பொட்டலமாகவே வாங்கி வருவது தொந்தரவில்லாதது. ஊர் வந்ததும் பொதுப்பணக் கணக்கை அன்றே முடித்து மீதியைப் பிரித்துக் கொடுத்துவிட்டால், அடுத்த பனிக்காலத்துக்கும் அதே நண்பர்கள் சேருவார்கள்.